பாக்டீரியாக்களில் மரபணு வெளிப்பாட்டு ஒழுங்காக்கம்

பாக்டீரியாக்களில் மரபணு வெளிப்பாட்டு ஒழுங்காக்கம் என்பது, ஒரு பாக்டீரியா தன்னிடமுள்ள மரபணுக்களில் எவற்றை, எப்போது, எந்த அளவில் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சூழலுக்கேற்பத் தீர்மானிக்கும் வழிமுறைகளின் தொகுப்பு ஆகும். உணவு, வெப்பநிலை, உப்பின் செறிவு, ஆக்சிசன், அருகிலுள்ள பிற பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஆகியவை மாறும்போது சில மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. வேறு சில நிறுத்தப்படுகின்றன. மரபணுக்களின் வரிசை இதனால் மாறுவதில்லை. அவை படிக்கப்படும் அளவு மட்டுமே மாறுகிறது.

இவ்வழிமுறைகள் பல, செங்கல்பட்டு மாவட்டத்தோடும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையோடும் தொடர்புடைய ஆய்வுகளில் முக்கிய இடம் பெறுகின்றன. பாலாற்று முகத்துவாரத்தின் உப்பு மாற்றம், கல்பாக்கம் அணுமின் நிலையக் குழாய்களில் படியும் உயிர்ப்படலம், செங்கல்பட்டில் நீண்டகாலமாக ஆராயப்பட்டுவரும் காசநோய், தொழுநோய் ஆகியவை அவற்றுள் சில.

ஒழுங்காக்கம் ஏன் தேவை

மனிதக் குடலில் வாழும் எசரிக்கியா கோலி (ஈ. கோலி) பாக்டீரியாவில் சுமார் 4,300 மரபணுக்கள் உள்ளன. இவை அனைத்தையும் எப்போதும் இயக்குவது பெரும் வீணாகும். புரத உற்பத்திக்கு அமினோ அமிலங்களும் அதிக ஆற்றலும் செலவாகின்றன. தேவையற்ற புரதங்களைச் செய்துகொண்டிருக்கும் பாக்டீரியா மெதுவாகப் பெருகும். சிக்கனமாக வாழும் அண்டை பாக்டீரியா அதை முந்திவிடும்.

பாக்டீரியாவால் தன் சூழலைப் பெரிதாக மாற்றிக்கொள்ள இயலாது. மழைநீரோடு ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும், குடிநீரோடு மனிதக் குடலுக்கும் அது அடித்துச் செல்லப்படலாம். போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஏற்பச் சில நிமிடங்களில் தன்னை மாற்றிக்கொள்வதே அது பிழைக்கும் வழி.

அடிப்படைச் செயல்முறை

மரபணுவில் உள்ள தகவல் முதலில் செய்தி ஆர்.என்.ஏ ஆகப் படியெடுக்கப்படுகிறது. இதைச் செய்யும் நொதி ஆர்.என்.ஏ பாலிமரேசு. பின்னர் ரைபோசோம்கள் அந்தச் செய்தியைப் படித்துப் புரதத்தை உருவாக்குகின்றன. பாக்டீரியாவில் உட்கரு இல்லாததால், படியெடுத்தல் முடிவதற்கு முன்பே புரத உற்பத்தி தொடங்கிவிடுகிறது. செய்தி ஆர்.என்.ஏவும் பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். எனவே படியெடுத்தலை நிறுத்தினால், அந்தப் புரதத்தின் உற்பத்தியும் விரைவிலேயே நின்றுவிடுகிறது.

ஒழுங்காக்கம் இச்செயல்முறையின் எந்தக் கட்டத்திலும் நடைபெறலாம். எனினும் படியெடுத்தலின் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்துவதுதான் மிகவும் சிக்கனமானது. ஒவ்வொரு மரபணுவுக்கும், அல்லது மரபணுத் தொகுதிக்கும், முன்னால் தொடக்கி எனப்படும் டி.என்.ஏ பகுதி உள்ளது. ஆர்.என்.ஏ பாலிமரேசு அங்கே அமர்ந்துதான் படியெடுக்கத் தொடங்கும். அது அமர்வதைத் தடுக்கும் புரதம் ஒடுக்கி எனப்படுகிறது; அமர உதவும் புரதம் தூண்டி எனப்படுகிறது.

லாக் ஓபரான்

இத்துறையின் முதல் தெளிவான எடுத்துக்காட்டு ஈ. கோலியின் லாக் ஓபரான் ஆகும். ஒரே தொடக்கியின்கீழ் அடுத்தடுத்து அமைந்து, ஒன்றாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களின் தொகுதி ஓபரான் எனப்படும். லாக் ஓபரானில் உள்ள மூன்று மரபணுக்களுள் ஒன்று, பால் சர்க்கரையான லாக்டோசைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதத்தையும், மற்றொன்று அதை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேசு நொதியையும் உருவாக்குகின்றன.

லாக்டோசு இல்லாதபோது, ஒடுக்கிப் புரதம் டி.என்.ஏவில் அமர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. லாக்டோசு கிடைக்கும்போது அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோசு என்னும் மூலக்கூறு ஒடுக்கியோடு இணைகிறது. ஒடுக்கியின் வடிவம் மாறி, டி.என்.ஏவை விட்டு விலகுகிறது. மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. நொதியின் அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயரக்கூடும்.

குளுக்கோசும் லாக்டோசும் சேர்ந்தே கிடைத்தால், ஈ. கோலி முதலில் குளுக்கோசை உண்டு முடிக்கிறது. குளுக்கோசு குறையும்போது செல்லுக்குள் சுழற்சி ஏ.எம்.பி என்னும் மூலக்கூறு பெருகுகிறது. அது தூண்டிப் புரதம் ஒன்றோடு இணைந்து லாக் ஓபரானை முழு வேகத்தில் இயக்குகிறது. அதாவது இரண்டு கேள்விகளுக்கான விடைகள் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன: லாக்டோசு உள்ளதா? அதைவிட எளிதான உணவு தீர்ந்துவிட்டதா?

இந்த இருகட்ட வளர்ச்சியைப் பாரிசு நகரில் 1940களின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர் சாக் மோனோ. அவரும் பிரான்சுவா சாக்கோபும் 1961 இல் ஓபரான் கோட்பாட்டை வெளியிட்டனர். இருவருக்கும் ஆந்த்ரே ல்வோஃபுக்கும் 1965 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. லாக் ஒடுக்கிப் புரதத்தை வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966 இல் பிரித்தெடுத்தனர்.

சிக்மா காரணிகள்

ஆர்.என்.ஏ பாலிமரேசு தானாகத் தொடக்கியை அடையாளம் காண்பதில்லை. சிக்மா காரணி என்னும் துணைப் புரதமே அதற்கு வழிகாட்டுகிறது. ஈ. கோலியில் ஏழு வகைச் சிக்மா காரணிகள் உள்ளன. சாதாரண வளர்ச்சியின்போது ஒரு வகை, வெப்பம் மிகும்போது மற்றொரு வகை, உணவு தீர்ந்து வளர்ச்சி நிற்கும்போது வேறொரு வகை எனப் பொறுப்பேற்கின்றன. ஒரு சிக்மா காரணி மாறினால் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் நிலை ஒரே நேரத்தில் மாறக்கூடும்.

வெப்ப அதிர்ச்சிக்கான சிக்மா காரணி உருவாகும் விதம் எளிமையானது. அதன் செய்தி ஆர்.என்.ஏ சாதாரண வெப்பநிலையில் மடிந்து கிடப்பதால் ரைபோசோமால் அதைப் படிக்க இயலாது. வெப்பம் உயர்ந்தால் மடிப்பு தளர்கிறது, புரதம் உருவாகிறது. இங்கே செய்தி ஆர்.என்.ஏவே வெப்பமானியாகவும் செயல்படுகிறது.

இருகூற்று அமைப்பும் உப்பு நீரும்

செல்லுக்கு வெளியே உள்ள மாற்றத்தை உள்ளே தெரிவிக்கும் பரவலான வழி இருகூற்று அமைப்பு ஆகும். செல் சவ்வில் உள்ள உணரிப் புரதம் மாற்றத்தை அறிந்து, தன்மீது ஒரு பாசுபேட்டுக் குழுவை ஏற்றிக்கொள்கிறது. அதைச் செல்லுக்குள் உள்ள பதில்வினைப் புரதத்துக்கு மாற்றுகிறது. பாசுபேட்டு பெற்ற அப்புரதம் டி.என்.ஏவில் அமர்ந்து குறிப்பிட்ட மரபணுக்களை இயக்குகிறது அல்லது நிறுத்துகிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் பாலாறு வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றில் நீரோட்டம் குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளம் வரும்போது நன்னீர் பெருகுகிறது. வெள்ளம் வடிந்தபின் உப்பு மீண்டும் உயர்கிறது. இத்தகைய முகத்துவாரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நன்னீர், உவர்நீர், கடல்நீர் ஆகிய மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

கழிவுநீரோடு ஆற்றில் கலக்கும் ஈ. கோலியில் இதற்கான உணரி என்வ்செட் (என்வ்இசட்) என்றும், பதில்வினைப் புரதம் ஓம்ப்ஆர் என்றும் பெயர் பெறுகின்றன. கரைபொருள் செறிவு குறைவாக உள்ளபோது அகன்ற துளையுடைய ஓம்ப்எஃப் புரதம் வெளிச்சவ்வில் மிகுதியாக அமைகிறது. செறிவு உயரும்போது அதன் உற்பத்தி குறைந்து, சற்றே குறுகிய துளையுடைய ஓம்ப்சி அதன் இடத்தைப் பிடிக்கிறது. உணவு அரிதான நீரில் வாசல் அகலமாகவும், தீங்கான பொருள்கள் நிறைந்த குடலில் வாசல் குறுகலாகவும் இருப்பது பாக்டீரியாவுக்கு நன்மையாகும்.

காலரா பாக்டீரியா

கடலோர நீரிலும் மனிதக் குடலிலும் வாழவல்ல விப்ரியோ காலரே இவ்வகை ஒழுங்காக்கத்தின் ஆபத்தான பக்கத்தைக் காட்டுகிறது. உவர்நீரில் இது மிதவை உயிரிகளின் மேலோட்டிலுள்ள கைட்டினை உண்டு வாழ்கிறது. அங்கே நச்சு உற்பத்தி அதற்குத் தேவையில்லை. மனிதக் குடலை அடைந்ததும் டாக்ஸ்ஆர் உள்ளிட்ட ஒழுங்காக்கப் புரதங்கள், டாக்ஸ்டி என்னும் மற்றொரு புரதத்தை உருவாக்கத் தூண்டுகின்றன. அது காலரா நச்சின் மரபணுக்களையும், குடலில் கூட்டமாக நிலைகொள்ள உதவும் இழைகளின் மரபணுக்களையும் ஒன்றாக இயக்குகிறது.

காலரா நச்சு உண்டு என்பதை 1959 இல் கல்கத்தாவில் நிறுவியவர் சம்புநாத் டே. ஓ139 எனப்படும் புதிய காலரா வகை 1992 இல் சென்னையில் பரவியபோது முதன்முதலில் கண்டறியப்பட்டது.

செறிவுணர்தலும் உயிர்ப்படலமும்

பாக்டீரியாக்கள் தம் இனத்தவர் எத்தனை பேர் அருகில் உள்ளனர் என்பதையும் அறிகின்றன. ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு சமிக்ஞை மூலக்கூறைச் சிறிதளவு வெளியிடுகிறது. கூட்டம் பெருகும்போது மூலக்கூறின் செறிவு உயர்ந்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் எல்லாச் செல்களிலும் ஒரே வகை மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இது செறிவுணர்தல் (கோரம் சென்சிங்) எனப்படுகிறது. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்னும் ஒளிரும் கடல் பாக்டீரியாவில் இது 1970 இல் விளக்கப்பட்டது. தனியாக நீந்தும்போது இந்த பாக்டீரியா ஏறத்தாழ ஒளிர்வதே இல்லை. ஒருவகைக் கணவாயின் ஒளியுறுப்பில் நெருக்கமாக வாழும்போது ஒளிர்கிறது.

சென்னைக் கடற்கரையில் 2019 ஆகஸ்டில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்தது இதனால் அன்று. அது நாக்டிலூகா என்னும் மிதவை உயிரியின் ஒளி. நாக்டிலூகா பாக்டீரியா அல்ல. அலையால் அசைக்கப்படும்போது அது ஒளிர்கிறது.

கடலில் பொருளாதார விளைவு மிகுந்த கூட்டுச் செயல்பாடு உயிர்ப்படலம் ஆகும். நீந்தும் பாக்டீரியா ஒரு பரப்பைத் தொட்டு ஒட்டிக்கொண்டதும், நீந்துவதற்கான கசையிழை மரபணுக்கள் குறைக்கப்படுகின்றன. பசைபோன்ற பல்சர்க்கரையை உருவாக்கும் மரபணுக்கள் இயங்குகின்றன. சுழற்சி இரு ஜி.எம்.பி என்னும் சிறு மூலக்கூறு பல இனங்களில் இந்த மாற்றத்தை நடத்துகிறது. அதன் அளவு உயர்ந்தால் பாக்டீரியா ஒட்டி வாழும். குறைந்தால் பிரிந்து நீந்தும்.

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல்நீரைப் பயன்படுத்துகிறது. 468 மீட்டர் நீளமுள்ள கடலடிச் சுரங்கத்தின் வழியே நீர் உள்ளே எடுக்கப்படுகிறது. இத்தகைய குழாய்களின் உட்புறத்தில் படியும் மெல்லிய உயிர்ப்படலமே வெப்பப் பரிமாற்றத்தைக் குறைக்கக்கூடியது. பச்சை ஆளி, கொட்டலசு போன்றவற்றின் இளவுயிரிகள் வந்து ஒட்டவும் அது இடம் தரும். இதைத் தடுக்க நீரில் குளோரின் சேர்க்கப்படுகிறது. ஆனால் படலத்தின் ஆழத்தில் உள்ள பாக்டீரியாக்களைக் குளோரின் எளிதில் எட்டுவதில்லை. கல்பாக்கத்திலுள்ள அணு ஆராய்ச்சி ஆய்வகங்களில் உயிர்ப்படலமும் கடலுயிரிப் படிவும் நீண்டகாலமாக ஆராயப்பட்டு வருகின்றன. கொல்லும் மருந்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒட்டுவதற்கான சமிக்ஞையையே குலைக்கலாமா என்பது உலகின் பல ஆய்வகங்களில் தொடரும் கேள்வி.

காசநோய்: உறங்கும் பாக்டீரியா

காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிசு, மனித உடலில் பல ஆண்டுகள் நோய் உண்டாக்காமல் தங்கியிருக்கவல்லது. உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் அதைச் சூழ்ந்து அடைத்துவிடும்போது ஆக்சிசன் குறைகிறது. நைட்ரிக் ஆக்சைடு தாக்குகிறது. இவ்விரண்டையும் டாஸ்எஸ், டாஸ்டி என்னும் உணரிகள் அறிகின்றன. அவற்றின் பதில்வினைப் புரதமான டாஸ்ஆர், 50க்குச் சற்றுக் குறைவான மரபணுக்களை இயக்குகிறது. பாக்டீரியா பெருகுவதை நிறுத்தி, குறைந்த ஆற்றலில் காலம் கழிக்கும் நிலைக்குச் செல்ல இவை உதவுகின்றன. இந்த அமைப்பை டெவ்ஆர்–டெவ்எஸ் என்ற பெயரில் ஆராய்ந்தவர்களுள் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜெயா தியாகியின் குழுவினர் முன்னோடிகள். உறக்கநிலைக்கு டாஸ்ஆர் ஒன்றே காரணம் அன்று. எனினும் மிக விரிவாக ஆராயப்பட்ட சாவி அதுவே.

இந்த உறக்கநிலையின் விளைவை அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் நேரில் கண்டது. பி.சி.ஜி தடுப்பூசியின் பயனை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1968 இல் அங்கே ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கியது. லட்சக்கணக்கானோர் இதில் சேர்க்கப்பட்டு, 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று முடிவு தெரிவித்தது. தொற்று என்றோ நுழைந்திருக்க, நோய் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படக்கூடிய ஒரு நோயை ஆராய இவ்வளவு நீண்ட கண்காணிப்பு தேவைப்பட்டது.

காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மருந்து உண்ண வேண்டியிருப்பதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். ஐசோனியசிட் போன்ற மருந்து, செல்சுவரைக் கட்டிக்கொண்டு வேகமாகப் பெருகும் பாக்டீரியாவை விரைவில் கொல்கிறது. பெருகாமல் கிடக்கும் பாக்டீரியாவை அது எளிதில் பாதிப்பதில்லை. சில வாரங்களில் இருமலும் காய்ச்சலும் குறைந்து, நோயாளி நலமாகிவிட்டதாக எண்ணக்கூடும். அப்போது மருந்தை நிறுத்தினால் உறங்கியவை மீண்டும் விழித்துப் பெருகும். மீதமுள்ள மாதங்களின் மாத்திரைகள் பெரும்பாலும் இவற்றுக்காகவே.

தொழுநோய்: சாவிகளை இழந்த பாக்டீரியா

ஒழுங்காக்கம் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே விடை தருகிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம், முன்பிருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவ இல்லத்தை ஏற்று 1955 இல் அமைக்கப்பட்டது. தொழுநோய் பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதி 2001 இல் வெளியிடப்பட்டபோது, அதற்குப் பயன்பட்ட பாக்டீரியா வகையும் தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டதே. அவ்வகை இன்றும் டி.என் என்ற பெயரால் அறியப்படுகிறது.

அந்த ஆய்வின் முடிவு வியப்பளித்தது. காசநோய் பாக்டீரியாவில் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் செயல்படுகின்றன. தொழுநோய் பாக்டீரியாவில் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 1,600 மட்டுமே. மேலும் 1,100க்கு மேற்பட்டவை சிதைந்து பயனிழந்த போலி மரபணுக்களாக எஞ்சியிருந்தன. இழப்பு ஒழுங்காக்க அமைப்புகளிலும் பெரிது:

சிக்மா காரணிகள்: காசநோய் பாக்டீரியாவில் 13, தொழுநோய் பாக்டீரியாவில் 4.
முழுமையான இருகூற்று அமைப்புகள்: காசநோய் பாக்டீரியாவில் சுமார் 11, தொழுநோய் பாக்டீரியாவில் 4.

மனிதச் செல்லுக்குள், பெரிதாக மாறாத ஒரு சூழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால், மாற்றங்களை உணரும் கருவிகள் அதற்குத் தேவையற்றுப் போயின என்று கருதப்படுகிறது. பயன்படாத மரபணுவில் பிழை நேர்ந்தாலும் அது களையப்படுவதில்லை. எனவே பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

இதற்கு அந்த பாக்டீரியா கொடுத்த விலை அதிகம். கெரார்டு ஆன்சன் 1873 இல் அதைக் கண்டறிந்தார். இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் அதை வளர்க்க இயலவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்னும் விலங்கிலும் மட்டுமே ஆய்வுக்காக வளர்க்கப்படுகிறது. ஈ. கோலி ஏற்ற சூழலில் 20 நிமிடங்களில் இரட்டிக்க, இது இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. தொழுநோயின் அறிகுறி தோன்றப் பல ஆண்டுகள் ஆவதற்கு இந்த மந்த வளர்ச்சி ஒரு காரணம். அறிகுறி தோன்றும் முன் நரம்பு பாதிக்கப்படக்கூடும் என்பதால், உணர்ச்சியற்ற தேமலைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டுவது ஊனத்தைத் தவிர்க்கும்.

ஒழுங்காக்கமும் மரபணு மாற்றமும்

இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பரவலான தவறு. மரபணு மாற்றத்தில் டி.என்.ஏ வரிசையே மாறுகிறது; அது சந்ததிக்குக் கடத்தப்படுகிறது. மருந்து எதிர்ப்பு பெரும்பாலும் இவ்வாறோ, வேறு பாக்டீரியாவிடமிருந்து மரபணு பெறுவதாலோ உண்டாகிறது. ஒழுங்காக்கத்தால் வருவது தற்காலிகத் தாங்குதிறன். உறக்கநிலையில் மருந்தைத் தாங்கிய காசநோய் பாக்டீரியா, விழித்துப் பெருகத் தொடங்கினால் அதே மருந்துக்கு மீண்டும் பலியாகும். ஆனால் தாங்கி நின்ற பாக்டீரியாக்கள் நீண்ட காலம் எஞ்சியிருந்தால், அவற்றில் எதிர்ப்பு மரபணு மாற்றம் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. மருந்தை இடையில் நிறுத்துவது இரு வகையிலும் தீமை தரும்.

மருத்துவப் பயன்

மரபணுவைப் படிக்கும் கருவியையே தாக்கும் மருந்தும் உண்டு. காசநோய்க்கும் தொழுநோய்க்கும் பயன்படும் ரிஃபாம்பிசின், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ பாலிமரேசில் ஒட்டிப் படியெடுத்தலை நிறுத்திவிடுகிறது. எந்தச் சாவியைத் திருப்பினாலும் பதில் வராத நிலை உண்டாகிறது. உலக சுகாதார நிறுவனம் 1981 இல் பரிந்துரைத்த தொழுநோய்க் கூட்டு மருந்துச் சிகிச்சையில் டாப்சோன், குளோஃபசிமின் ஆகியவற்றோடு இதுவும் சேர்க்கப்பட்டது.

உறக்கநிலைக்கான உணரிகளைத் தடுக்கும் மருந்துகள், செறிவுணர்தலைக் குலைக்கும் சேர்மங்கள் ஆகியவை ஆய்வில் உள்ளன. உறங்கும் காசநோய் பாக்டீரியாவை விரைவில் அழிக்க வழி கிடைத்தால், ஆறு மாதச் சிகிச்சையை மேலும் சுருக்க இயலும்.